கல்லைக் கொண்டு போனார்கள்; தண்ணீர் வரவில்லை!

மலை ஏற வேண்டாம். மூச்சு வாங்க வேண்டாம். காலில் ஒரு செருப்பு, கையில் ஒரு குடை, தோளில் தொங்க ஒரு தண்ணீர்ப் பாத்திரம். இவ்வளவு இருந்தால் போதும். அரை நாள் பொழுதில் ஆயிரம் ஆண்டுச் சரித்திரத்தின் மேல் நடந்து வந்துவிடலாம்.

ஆம், சரித்திரத்தின் மேலேயேதான்! நடக்கப் போகும் பாதை ஓர் ஏரியின் கரை. கங்கை வரை படை அனுப்பி வெற்றி கண்ட ராஜேந்திர சோழன் எழுப்பிய கரை அது. ஒரு காலத்தில் அதன் நீளம் 16 மைல்!

இந்த ஏரி இருப்பது அரியலூர் மாவட்டத்தில், உடையார்பாளையம் சீமையில். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பார்க்க நாள்தோறும் கார்களும் பஸ்களும் வருகின்றன. வருகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்கு மேற்கே சிறிது தூரத்தில் கிடக்கும் ஏரியை எட்டிப் பார்ப்பவர் சிலரே. அந்தக் கோயிலும் ஏரியும் ஒரே கையால், ஒரே நோக்கத்தோடு உண்டானவை.

மிளகு பயறான ஊர்

நடையை உடையார்பாளையத்திலேயே தொடங்குவது நல்லது. திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஜயங்கொண்டத்துக்கு முன்னால் வருகிற ஊர் இது. சுற்றிலும் செம்மண் மேடு. கண்ணுக்கு எட்டிய தூரம் முந்திரித் தோப்பு.

பாளையக்காரர்கள் ஆண்ட ஊர். 'காலாட்கள் தோழ உடையார்' என்பது அவர்களுடைய பட்டப் பெயர். காலாட்படை வீரனையும் தோழனாக நடத்துபவர் என்று அதற்குப் பொருள். பெயரே எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! சங்கீதத்தையும் தமிழையும் ஆதரித்த சமஸ்தானம் இது. கனமார்க்கத்தில் பாடுவதில் நிகரற்றவர் என்று புகழ் பெற்ற கனம் கிருஷ்ணையர் இந்த சமஸ்தானத்து வித்துவான். அவர் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் உறவினர்.

ஊரின் நடுநாயகமாக விளங்குவது பயறணீசுவரர் கோயில். அதன் பெயருக்கு ஒரு கதை உண்டு. மிளகு மூட்டைகளோடு ஒரு வணிகன் வந்தான். மிளகுக்குச் சுங்கம் அதிகம். 'மூட்டையில் இருப்பது பச்சைப் பயறு' என்று சுங்கச் சாவடியில் ஒரு பொய் சொன்னான். அப்புறம் மூட்டையை அவிழ்த்தால், உள்ளே பயறுதான் இருந்தது! வணிகன் அழுதான், ஆண்டவனிடம் முறையிட்டான். பயறு மறுபடியும் மிளகாயிற்று. (சுங்கத்தை ஏய்த்தவனுக்குக் கடைசியில் தண்டனை ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்!)

கோயிலுக்கு உரிய தீர்த்தம் விசாலமானது. அர்ச்சுனன் தன் காண்டீபத்தால் உண்டாக்கியது என்பது ஐதிகம். ஒரு செம்மண் மேட்டு ஊரில் இவ்வளவு பெரிய நீர்நிலையைப் பார்த்ததும் ஒன்று புரிந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் தண்ணீர் தானாக வந்து நிற்காது. மனிதன்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

மலைத் தண்ணீரும் சமவெளித் தண்ணீரும்

மலை நாட்டுக்காரன் கொடுத்து வைத்தவன். அவனுக்குத் தண்ணீர் மேலிருந்து விழுகிறது. இமயமலைக் கிராமங்களில் ஓடையின் ஒரு கிளையைத் திருப்பி, சரிவான மரத் தொட்டி வழியே பாயவிடுகிறார்கள். அது கீழே இருக்கும் சக்கரத்தின் இறக்கைகளில் மோதுகிறது. சக்கரம் சுழல, அதன் அச்சில் பொருத்திய திரிகைக்கல்லும் சுழல்கிறது. கோதுமை மாவாகிறது. 'கராட்' என்று அதற்குப் பெயர். நெருப்பு வேண்டாம், மாடு வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

சோழநாட்டுச் சமவெளியில் தண்ணீர் அப்படி விழாது. இங்கே நிலம் கிழக்கு நோக்கிச் சாய்வதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த நாட்டுக்காரன் வேறு வழி கண்டான். சரிவுக்குக் குறுக்கே நெடுகக் கரை போட்டான். மேற்கிலிருந்து வரும் தண்ணீர் கரையில் முட்டி நின்றது. கரையில் மதகு வைத்தான். மதகைத் திறந்தால் கிழக்கே உள்ள வயலெல்லாம் பாய்ந்தது. மலையில் தண்ணீர் கல்லைச் சுழற்றுகிறது. இங்கே கல்லும் மண்ணும் தண்ணீரை அடக்கி வேலை வாங்குகின்றன.

நீரால் ஆன வெற்றித் தூண்

ஜயங்கொண்டம் போய், அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, குருவாலப்பர் கோவில் என்ற ஊரில் இறங்க வேண்டும். ஏரிக்கரையோரத்து ஊர் இது. இதுவும் பழைய பெயர்தான். நாதமுனிகளின் சீடர் குருகைக்காவலப்பன் இங்கே இருந்தார். அவருடைய பெயரே தேய்ந்து குருவாலப்பர் ஆயிற்று.

இவரைப் பற்றி வைணவர்கள் ஒரு செய்தி சொல்வதுண்டு. யோகத்தின் ரகசியத்தைக் கற்றுக்கொள்ள நாதமுனிகளின் பேரர் ஆளவந்தார் இவரிடம் வந்தார். குருகைக்காவலப்பன் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, அன்றைக்கு வரச் சொன்னார். ஆளவந்தாரோ திருவனந்தபுரம் போய்விட்டார். குறித்த நாள் நினைவுக்கு வந்தபோது, திரும்பி வந்து சேர நேரமில்லை. அந்த ரகசியம் அதோடு போயிற்று.

இந்த ஏரியின் கதையும் ஒரு வகையில் அதே மாதிரிதான்.

ராஜேந்திரன் 1014-ல் தந்தை ராஜராஜனுக்குப் பின் அரியணை ஏறினான். 1023-ஐ ஒட்டி அவனுடைய படை கங்கைக் கரை வரை சென்று வென்று திரும்பியது. தோற்ற மன்னர்களின் தலையில் கங்கை நீர்க் குடங்களை ஏற்றிக் கொண்டுவந்ததாகக் கூறுவார்கள். வெற்றி பெற்ற அரசர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? கல்லில் ஒரு தூண் நாட்டுவார்கள். ராஜேந்திரன் வேறு காரியம் செய்தான். ஓர் ஏரியை வெட்டி, அதில் கங்கை நீரைச் சேர்த்து, 'சோழகங்கம்' என்று பெயர் வைத்தான். 'நீரால் ஆன வெற்றித் தூண்' என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வருணிக்கின்றன. அந்தச் செப்பேடுகள் 1905-ல் கிடைத்தன.

தஞ்சாவூரை விட்டு இந்த மேட்டு நிலத்துக்கு ஏன் தலைநகரை மாற்றினான் என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எதுவானாலும், வந்த இடத்தில் முதல் தேவை தண்ணீர். புதிய தலைநகரத்து ஜனங்கள் குடிக்க வேண்டும். சுற்றியுள்ள நிலம் விளைய வேண்டும். வெற்றித் தூண் குடிதண்ணீராகவும் பாசனமாகவும் இருந்துவிட்டால் நல்லதுதானே!

ஊர் ஜனங்களின் வாயில் சோழகங்கம் என்ற பெயர் நிற்கவில்லை. அவர்கள் 'பொன்னேரி' என்றே சொல்கிறார்கள்.

கரைமேல் நடை

கரையின் மேல் ஏறி வடக்கே பார்த்து நடந்தால், இடக்கைப் பக்கம் ஏரி, வலக்கைப் பக்கம் வயலும் ஊரும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் ஏரியில் தண்ணீர் அலையடிக்கும். நாரையும் கொக்கும் வந்துவிடும். கோடையில் வந்தால், ஆடுமாடு மேய்கிற மைதானம் போலக் கிடக்கும். கருவேல மரங்கள் தலை நீட்டிக்கொண்டிருக்கும்.

நடப்பது சுலபம். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. குழந்தைகளும் வயதானவர்களும் கூட நடக்கலாம். வெயிலுக்கு மட்டும் பயப்பட வேண்டும்.

ஆனால், 16 மைலும் நடக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த நீண்ட கரையில் இன்றைக்கு ஏரியாக இருப்பது ஒரு பகுதிதான். மீதி தூர்ந்தும் சிதைந்தும் போயிற்று. 1855-ல் அச்சான ஓர் ஆங்கிலக் குறிப்பு இந்த ஏரியைப் பற்றி விவரமாகச் சொல்கிறது. வடக்கும் தெற்குமாக 16 மைல் கரை; வலுவான பல மதகுகள்; இந்தியாவின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்; ஆனால் நெடுங்காலமாகப் பாழ்; ஏரிப் படுகையில் அடர்ந்த காடு! ராஜேந்திரன் வெட்டிய ஏரி, அப்போதே காடாகிவிட்டது.

பக்கத்தில் ஆறு, ஆனால் தண்ணீர் 60 மைலுக்கு அப்பால்

இவ்வளவு பெரிய ஏரி எப்படி நிறைந்தது? வெறும் மழையால் அல்ல. இரண்டு வாய்க்கால்கள் இருந்தன. வடக்கே வெள்ளாற்றிலிருந்து ஒன்று. தெற்கே கொள்ளிடத்திலிருந்து ஒன்று. கொள்ளிடத்து வாய்க்காலின் நீளம் 60 மைலுக்கு மேல்! இரண்டின் தடங்களும் 1855-ல் கண்ணுக்குத் தெரிந்தன.

இங்கே ஒரு சந்தேகம் வரும். கொள்ளிடம் இங்கிருந்து தெற்கே சில மைல் தூரத்தில்தான் ஓடுகிறது. காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் நடந்தே போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர 60 மைல் வாய்க்கால் எதற்கு?

விஷயம் இதுதான். ஆறு பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பள்ளத்தில் இருக்கிறது. ஏரி மேட்டில் இருக்கிறது. பள்ளத்துத் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. பம்புசெட்டு இல்லாத காலம். ஆகவே ஆற்றோடு மேற்கே போக வேண்டும். போகப் போக ஆற்றின் மட்டம் உயரும். ஏரியின் மட்டத்தைவிட ஆறு உயரமாக இருக்கிற இடம் வந்ததும், அங்கே வாய்க்காலைப் பிரிக்க வேண்டும். அங்கிருந்து, ஆறு இறங்குவதைவிட மெதுவாக இறங்குகிற மாதிரி வாய்க்காலை வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஆறு வேகமாகப் பள்ளத்துக்குப் போய்விடும். வாய்க்கால் மேட்டோடு மேடாகத் தவழ்ந்து வந்து ஏரியில் சேரும். 60 மைல் என்றால், ஏறக்குறையத் திருச்சியை எட்டுகிற தூரம்!

சரிவு கொஞ்சம் கூடினால் தண்ணீர் ஏரிக்குக் கீழே போய்விடும். கொஞ்சம் குறைந்தால் நடுவழியில் தேங்கி மண் மேடிடும். மட்டம் பார்க்க இன்றைய கருவிகள் இல்லாமல், 60 மைல் தூரத்துக்கு அந்தச் சரிவைப் பிடித்து வந்தவர்கள் யார்? அவர்களுடைய பெயர்களை எந்தச் செப்பேடும் சொல்லவில்லை.

குமிழித் தூம்பு

தண்ணீரைக் கொண்டுவருவது ஒரு வித்தை. அதை வெளியே விடுவது இன்னொரு வித்தை. கரையில் ஓட்டை போட்டால் கரையே போய்விடும். பழைய தமிழ்நாட்டு ஏரிகளில் அதற்குக் கண்ட உபாயம் 'குமிழித் தூம்பு'.

கரைக்கு உள்ளே, ஏரிப் படுகையில், கற்பலகைகளால் ஒரு தொட்டி கட்டுவார்கள். அதிலிருந்து கரைக்கு அடியில் சுரங்கம் போல ஒரு கால்வாய் வெளியே போகும். தொட்டியின் மேல் பலகையில் ஒரு துளை. அதற்கு 'நீரோடி' என்று பெயர். கீழே, படுகை மட்டத்தில், சிறிய துளைகள். அவை 'சேறோடி'. மேலே இரண்டு உயரமான கல் தூண்கள் நிற்கும். தண்ணீர் வேண்டும்போது ஒருவன் நீந்திப் போய், தூண்களுக்கு இடையே உள்ள அடைப்பைத் தூக்குவான். மேல் துளையில் தெளிந்த தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டு இறங்கும். அந்த வேகத்தில் கீழ்த் துளைகள் படுகையில் உள்ள சேற்றையும் உறிஞ்சி வெளியே தள்ளும். வயலுக்குத் தண்ணீரும் கிடைத்தது, வண்டலும் கிடைத்தது. ஏரியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தானே தூர் வாரிக்கொண்டது!

வித்தை மட்டும் இருந்தால் போதாது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்கும் ஏற்பாடு இருந்தது. உத்தரமேரூரில் முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் காலம் 919, 921. குடவோலை எடுத்து ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை சொல்கின்றன. அதில் 'ஏரி வாரியம்' என்று தனியே ஒன்று. ஆறு பேர், 360 நாள் பதவி. கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது! பிற்காலத்தில் ஊரார் கூடி ஏரி வேலை செய்யும் வழக்கம் குடிமராமத்து என்ற பெயரில் நடந்து வந்தது. வெள்ளையர் ஆட்சியில் அது நலிந்தது. அந்தப் பெயரைத் தமிழக அரசு 2017-ல் மறுபடியும் எடுத்து ஒரு திட்டத்துக்கு வைத்தது.

சோழகங்கம் எப்படிப் பாழாயிற்று? படையெடுத்து வந்த பகைவர்கள் வேண்டுமென்றே கரையை உடைத்தார்கள் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. நடந்திருக்கக் கூடியதுதான். பாண்டியர் எழுச்சியில் சோழ ராஜ்யம் 1279-ஐ ஒட்டி முடிந்தது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் தலைநகராக இருந்த ஊர் மண்மேடாயிற்று. எதிரி உடைத்த கரையை அடைக்கலாம். அடைக்க அரசன் இல்லை, வாரியம் இல்லை, வாய்க்காலைக் காவல் காக்க ஆள் இல்லை என்றால், எதிரி வராவிட்டாலும் ஏரி போய்விடும்.

மதில் எங்கே?

கரையை விட்டு இறங்கி நெடுஞ்சாலையில் கிழக்கே நடந்தால், அரை மணி நேரத்தில் கோயில் வந்துவிடும். 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்ட கோயில். விமானம் சுமார் 160 அடி. தஞ்சைப் பெரிய கோயிலைவிடக் குள்ளம். ஆனால் அழகில் குறைச்சல் சொல்ல முடியாது. தஞ்சை விமானம் நிமிர்ந்து நிற்கிறது; இது சற்றே வளைந்து நெளிந்து ஏறுகிறது. கோயிலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆகையால் எல்லாரும் பார்க்காமல் போகிற ஒன்றை மட்டும் இங்கே பார்க்கலாம். அது, இங்கே இல்லாத மதில்!

இவ்வளவு பெரிய கோயிலுக்கு வானளாவிய ராஜகோபுரம் எங்கே? கோட்டை போன்ற திருச்சுற்று மதில் எங்கே?

அவை கொள்ளிடத்துக்குப் போய்விட்டன.

1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. ஆர்தர் காட்டன் வகுத்த திட்டம் அது. அணைக்குக் கல் வேண்டியிருந்தது. இந்தச் சமவெளியில் கல்லுக்கு எங்கே போவது? சில மைல் வடக்கே, அறுத்துச் செதுக்கிய கருங்கல் ஆயிரக்கணக்கில் அடுக்கியபடி நின்றது. மதிலை இடித்தார்கள். சிற்ப வேலை செய்த கற்களையும் பெயர்த்தார்கள். வண்டிகள் தெற்கே போயின.

ஊர் ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. தங்களால் ஆன மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அதிகாரிகளை மதிக்கவில்லை என்று தண்டனை கிடைத்ததுதான் மிச்சம். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சர்க்கார் ஒரு வாக்குறுதி கொடுத்தது. அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. இதையும் அந்த 1855-ஆம் ஆண்டு ஆங்கிலக் குறிப்பே, வெள்ளைக்கார அரசைக் கண்டித்து எழுதியிருக்கிறது.

கீழணை கட்டியது தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் விளைந்த நெல் கொஞ்சநஞ்சமல்ல. அந்த அணையிலிருந்துதான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. வீராணம் என்பது வீரநாராயணன் ஏரி. ராஜேந்திரனின் முன்னோனான முதல் பராந்தகன் வெட்டியது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது அந்த ஏரிக்கரையில்தான். 1960-களின் இறுதியில் தொடங்கிய பழைய வீராணம் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் பல வருஷம் சாலையோரம் கிடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிய திட்டம் 2004-ல் நிறைவேறியது. அது முதல் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது.

கணக்கைப் பாருங்கள்! ராஜேந்திரன் கோயிலின் கல், கொள்ளிடத்தில் அணையாயிற்று. அணைத் தண்ணீர் பராந்தகன் ஏரியை நிரப்புகிறது. பராந்தகன் ஏரி சென்னை நகரத்தின் தாகத்தைத் தீர்க்கிறது. கல்லைக் கொடுத்த ஊரின் ஏரிக்கு மட்டும், கொள்ளிடத்திலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. பொன்னேரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சிங்கத்தின் வயிற்றுக்குள் கங்கை

கோயிலின் வடபுறத்தில் ஒரு வட்டக் கிணறு இருக்கிறது. பக்கத்தில் சுதையால் ஆன ஒரு பெரிய சிங்கம். சிங்கத்தின் உடலில் உள்ள வாசல் வழியாகப் படி இறங்கிக் கிணற்றுத் தண்ணீரை அடையும்படி கட்டியிருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பெரிய கோயிலைவிட இந்தச் சிங்கத்தைத்தான் பிடிக்கும்!

ராஜேந்திரன் கொண்டுவந்த கங்கை நீரை இந்தக் கிணற்றில் ஊற்றினான் என்று சொல்வது வழக்கம். சிங்கம் அவ்வளவு பழையதல்ல. அதில் பதித்துள்ள கருங்கல்லில் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. கட்டியவர் உடையார்பாளையம் ஜமீன்தார்! கிணறு அதற்கு முன்பே இருந்து, சிங்கம் மட்டும் பிறகு வந்திருக்கலாம் என்பாரும் உண்டு. கோயிலின் மதில் வண்டியேறிப் போன அதே நூற்றாண்டில், உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் அதே கோயிலில் தண்ணீருக்காகக் கல்லும் சுண்ணாம்பும் செலவழித்திருக்கிறார். உடையார்பாளையத்தார் இதைச் சொல்லிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

கால் இன்னும் வலிக்கவில்லை என்றால், தென்மேற்கே ஒரு மைலுக்குச் சற்று மேல் நடந்து, உட்கோட்டையை அடுத்த மாளிகைமேட்டைப் பார்த்து வரலாம். சோழர் அரண்மனை நின்ற இடம். தொல்லியல் துறை 1980-களில் தோண்டியது. 2021 முதல் மறுபடி தோண்டியது. தரைக்கு அடியிலிருந்து செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. வழியில் கேள்விப்படுகிற ஊர்ப் பெயர்களைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி! கோட்டை இல்லை; பெயர் இருக்கிறது. மெய்க்காவலர் போய்விட்டார்கள், அவர்கள் குடியிருந்த ஊர் இருக்கிறது.

ஏரிக்கு நல்ல காலம் வருமா?

ராஜேந்திரனுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. அவன் பிறந்த ஆடித் திருவாதிரை அரசு விழாவாகிவிட்டது. கடல் கடந்து கடாரம் வென்ற ஆயிரமாவது ஆண்டையொட்டி, 2025 ஜூலை 27-ல் பிரதமர் நரேந்திர மோடி கோயிலுக்கு வந்து, ராஜேந்திரன் நினைவாக நாணயம் வெளியிட்டார். அதே மாதத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், சோழகங்கம் ஏரியைச் சீர்ப்படுத்த 12 கோடி ரூபாயில் வேலை நடக்கும் என்று அறிவித்தார்.

கரையைப் பலப்படுத்தலாம். மதகுகளைப் புதுப்பிக்கலாம். வரத்து வாய்க்கால்களைத் தூர் வாரலாம். இவையெல்லாம் ஏரிக்கு அவசியம் வேண்டியவை. ஆனால் இந்தப் பக்கத்து விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது வேறொன்று. கொள்ளிடத்துத் தண்ணீர் மறுபடியும் பொன்னேரிக்கு வர வேண்டும் என்பது அது. வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் இரு கரையும் புரள ஓடிக் கடலில் விழுகிறது. அதில் ஒரு பங்கை மேட்டுக்குத் திருப்ப முடியும் என்பதை ராஜேந்திரன் கருவிகள் இல்லாத காலத்திலேயே காட்டிவிட்டான். இன்றைக்கு அந்த 60 மைல் வழியில் ஊர்கள் இருக்கின்றன. பட்டா நிலங்கள் இருக்கின்றன. ரோடும் ரயிலும் குறுக்கிடுகின்றன. பழைய தடத்திலேயே வாய்க்கால் வெட்டுவது லேசல்ல. மின்சார மோட்டார் வைத்துப் பக்கத்து ஆற்றிலிருந்து ஏற்றுவது என்றால் தூரம் குறையும். கரண்டுச் செலவு கூடும். என்ஜினீயர்கள் முடிவு செய்ய வேண்டிய கணக்கு இது. கேட்கிற ஜனங்களுக்கு வழி முக்கியமல்ல, தண்ணீர்தான் முக்கியம்.

நடைக்கு ஏற்ற காலம் மார்கழி, தை, மாசி. அப்போது வெயில் கடுமை இல்லை. மழை பெய்திருந்தால் ஏரியிலும் தண்ணீர் இருக்கும். காலையில் உடையார்பாளையம் கோயில், பிறகு கரைமேல் நடை என்று வைத்துக்கொண்டு, மாலை வெயில் சாயும் நேரத்துக்குப் பெரிய கோயிலை அடைந்தால், விமானம் பொன் நிறமாக இருக்கும். திரும்பும்போது நேரம் இருந்தால், கும்பகோணம் பஸ்ஸில் ஏறி அணைக்கரையில் இறங்கலாம். கீழணையின் கட்டுக்கோப்புக்குள் கோயில் கற்கள் எங்கே இருக்கின்றன என்று அங்கே யாராலும் காட்ட முடியாது. அவற்றின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.